கக்கத்தில் பால்

சின்னப்பாலத்துக் கரையில் ஆவுளியா ஒதுங்கிய அன்றிலிருந்து
நம்புஈஸ்வரி மீன் தொடுவதில்லை.
ஒன்பது வயது. இருபத்தொரு கிலோ.
அதுவும் இறால் கம்பெனித் தராசில்,
ஈரப் பாவாடையோடு ஏறி நின்றபோது.

முதலில் மீன் போனது.
அப்புறம் பள்ளிக்கூடத்து முட்டை.
அதைச் செல்சியாவிடம் கொடுத்துவிட்டு
புளிப்பு மிட்டாய் வாங்கிக்கொள்கிறாள் என்பது
சத்துணவு டீச்சர் சொல்லித்தான் தெரியும்.
பிறகு பால்.
"அது கன்னுக்குட்டிக்கு உள்ளது" என்றாள்.
எங்கள் தெருவில் எவன் மாடு வளர்த்தான்?
பாக்கெட்டில் வருகிற பாலுக்கு ஏதடி கன்று
என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"காரல் தின்னாத பிள்ளை
கடக்கரையில எதுக்குப் பிறந்துச்சு" என்று
வலையை உதறிய முனியராஜ்
ஒருநாள் சொதியில் கிடந்த காரலை உதிர்த்து
சோற்றுக்கு அடியில் ஒளித்து வைத்தான்.
மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.
தட்டைத் தள்ளவில்லை, அழவுமில்லை.
"நீ எங்கிட்ட பொய் சொல்லாதப்பா."
அன்று ராத்திரி அவனும் சாப்பிடவில்லை.

உன்னைப் பெற்ற நாற்பது நாளும்
பால்சுறாப் புட்டுதான் தின்றேன்.
சுறா எனக்குள் பாலாகி உனக்குள் வந்தது.
அந்தப் பல்லும் முழங்காலும் இந்த வாயும்
எந்தச் சுறாவின் கடனடி?
"என்னையக் கேட்டா குடுத்த?"

ஆவுளியா புல்லைத்தான் தின்னுமாம்.
நானூறு கிலோ இருந்ததாம்,
வன இலாகாக்காரர் சொன்னாராம்.
எனக்குத் தெரியாத புல்லா?
விரலில் துணி சுற்றிக்கொண்டு
மரிக்கொழுந்துப் பாசி பறிக்க
நான் தினம் முங்குவது அதன்மேல்தான்.
நீ ஆவுளியா இல்லையே,
உனக்கு ஓட வேண்டும், படிக்க வேண்டும்,
இன்னும் மூன்று வருஷத்தில் வயசுக்கு வர வேண்டும்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் நிலோபர் அவளைத் திட்டவில்லை,
எனக்கு அது ஏமாற்றம்தான்.
"மீன் இல்லாமலும் வளரலாம்மா,
ஆனா தானா வளராது, பார்த்து வளர்க்கணும்.
மொச்சை, பாசிப்பயறு, எள்ளு, கேப்பை,
முருங்கைக்கீரைக்கு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு.
பி பன்னிரண்டு எந்தக் கீரையிலயும் கிடையாது,
அதுக்கு மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது.
தை மாசம் கூட்டிட்டு வா, உயரம் பார்க்கணும்."

காரல் எங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் டாக்டர்,
எள்ளுக்குக் கடைக்காரன் காசு கேட்பான்.
இதைச் சொன்னபோதுதான்
அவர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

மகளுக்கு ரத்தம் பதினொன்று.
எனக்கு எட்டு.
தினம் மீன் தின்கிற எனக்கு.
"தினம் எவ்வளவு சாப்பிடுற?" என்றார்.
நல்லது ஏலத்துக்குப் போகும்,
நடுத்துண்டு அவனுக்கும் பிள்ளைக்கும்,
எனக்குத் தலை, சில நாள் குழம்பு மட்டும்.
இதையெல்லாம் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது
ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு
கடலிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"அது அம்மா ஆவுளியா.
கக்கத்துல பால் கசிஞ்சுகிட்டே இருந்துச்சு.
எல்லாரும் போட்டோ எடுத்தாங்க.
குட்டி எங்கன்னு யாருமே தேடல."

பாலம் முடியும்வரை அவள் கையை விடவில்லை நான்.

இப்போது ஒரே செம்புத் தண்ணீரில்
அவளுக்கு ஒரு மாத்திரை, எனக்கு ஒன்று.
எள்ளை நான்தான் இடிக்கிறேன்,
பாசிக்காசில் பாதி அதற்கே போகிறது.
முனியராஜ் கடன்சொல்லி மொச்சை வாங்கி வந்து
ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனான்.

கதவு நிலையில் ஆணியால் கீறிய கோடு,
போன மாதத்துக் கோட்டுக்கு மேலே
அரை விரல் ஏறியிருக்கிறது.
அரை விரல் போதுமா என்று
தையில்தான் சொல்வார்கள்.